நடந்து நட்ட தடி

சங்குமுனையில் பஸ் திரும்ப இடம் போதாது. ஊர்காவற்துறையிலிருந்து வருகிற பஸ் மாதா சுரூபத்தடியில் பின்னும் முன்னுமாக நாலு தரம் உறுமிவிட்டுத்தான் திரும்பும். அதற்கங்கால் தெரு இல்லை, கடல்தான். தூரத்தில் எழுவைதீவும் அனலைதீவும் கறுப்புக் கோடாகக் கிடக்கும். அவற்றுக்கு இந்தப் பக்கத்தில், கரையிலிருந்து ஒன்றரைக் கிலோமீற்றர் தள்ளி, கைக்குட்டை அளவில் ஒரு மண்மேடு தெரியும். அதுதான் குருசுத்திட்டி. இரண்டு பனை, கொஞ்சம் ஈச்சம்பற்றை, தகரக் கூரை போட்ட ஒரு சின்னக் கோயில். சனம் அங்கே குடியிருப்பதில்லை. ஆனால் சங்குமுனையில் பிறந்தவர்கள் எல்லோரும் அங்கே நடந்து போயிருக்கிறார்கள்.

நடந்துதான். அந்தக் கடல் அப்படி. மாசி பிறந்தால் முழங்காலளவு, மிஞ்சினால் இடுப்பளவு.

என்னை அங்கே உப தபாலதிபராகப் போட்ட கடிதம் வந்தபோது உரும்பிராயில் என் மனைவி அழவில்லை, சிரித்தாள். வெங்காயத் தோட்டத்துக்குள் வளர்ந்தவன், வெள்ளிக்கிழமையில் முட்டை மணம் பட்டாலே முகம் சுளிக்கிற சைவக்காரன், மீன் காயாத முற்றமே இல்லாத ஊரில் என்ன செய்யப் போகிறான் என்று அவளுக்குப் பார்க்க ஆசை. நமசிவாயம் என்ற பெயரோடு போனேன், ஊருக்குப் போஸ்ற்மாஸ்ரர், சுருக்கமாக மாஸ்ரர் ஆனேன். ஆறு மாதத்தில் நண்டின் காலைக் கடித்து உறிஞ்சப் பழகிவிட்டேன். பழக்கியது சிசிலியாக்கா.

தபாற்கந்தோருக்குப் பக்கத்து வீடு அவர்களுடையது. சாப்பாடு எனக்கு அங்கேதான். வீட்டில் மூன்று பேர். எமில்ராஜ், அவன் மனைவி நிரோஜினி, அவனுடைய அக்கா சிசிலியா. சிசிலியாக்காவுக்கு ஐம்பத்தாறு வயது. எமிலுக்கு ஏழு வயதாக இருக்கும்போது தாய் தகப்பன் இருவரும் ஒரே வருஷத்தில் போய்விட, கலியாணம் கட்டாமல் அவனை வளர்த்தவர். களங்கண்டி வலை கட்டி நண்டு பிடிப்பார். விடியற்காலையில் சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கடலுக்குள் நடப்பார், எட்டு மணிக்கு ஒரு பறி நண்டோடு திரும்பி வருவார். இடக்கண்ணில் வெண்படலம் மூடிவிட்டது. வலக்கண்ணும் மூடத் தொடங்கியிருந்தது. யாழ்ப்பாணத்தில் கண் படலத்தை வெட்டுவதற்குச் சித்திரையில் நாள் கொடுத்திருந்தார்கள்.

“நண்டு பிடிக்க ஏன் கண், தம்பி? கால் இருக்கு,” என்பார்.

அது வீம்புக்குச் சொன்னதல்ல. எந்த இடத்தில் சாதாளைக் கடற்புல், எந்த இடத்தில் மணல், எந்த இடத்தில் சிப்பி காலை வெட்டும் என்று அவருடைய உள்ளங்காலுக்குத் தெரியும்.

கரையிலிருந்து திட்டிவரைக்கும் பதினாலு தடிகள் நின்றன. வைரம் முற்றிய பனஞ்சலாகைகள், ஒவ்வொன்றும் ஓராள் உயரத்துக்குமேல். தலையில் ரோமன் இலக்கம் வெட்டியிருக்கும். சிலுவைப்பாதையின் பதினாலு ஸ்தலங்கள் அவை. தவக்காலத்து முதல் வெள்ளியன்று ஊர் முழுவதும் விடியலில் கடலுக்குள் இறங்கி, தடிக்குத் தடி நின்று செபம் சொல்லி, திட்டிக் கோயிலுக்குப் போய்ப் பூசை காணும். போகும்போது தடி இடக்கைப் பக்கம், வரும்போது வலக்கைப் பக்கம். மற்ற நாட்களில் அதே தடிகள் கடலில் மூடுபனிப் புகாருக்குள்ளும் மழைக்குள்ளும் அகப்பட்டவர்களைக் கரைக்குக் கொண்டுவந்து சேர்த்தன. கடலில் ஆள் தவறிப்போனாலும் ஒரு தடிதான். இரத்த உரித்துக்காரன் முப்பத்தோராம் நாள் நடந்துபோய், இலக்கம் இல்லாத ஒரு தடியை அந்த இடத்தில் நடுவான். அது உக்கி விழும்வரை நிற்கும்.

தடிக்கு ஒரு சட்டம் இருந்தது. மூப்பர் யாகப்பர் எனக்கு அதைப் பலமுறை சொல்லியிருக்கிறார். கோயில் காரியம் பார்க்கிறவர் அவர், எழுபது வயது, சொன்னதையே சொல்லுகிற மனிதர். தடியைக் கரையிலிருந்து தோளில் சுமந்து, நடந்து போய், நின்று, மிதித்துப் பார்த்து நட வேண்டும். வள்ளத்தில் நின்று நட்ட தடி தடியே இல்லை. ஏனென்றால் கோல் ஒரு புள்ளியைத்தான் தொடும், நடக்கிறவனுடைய கால் வழி முழுவதையும் தொட்டுக்கொண்டு வரும்.

யுத்தத்தில் இடம்பெயர்ந்து போய் வருஷக்கணக்காக வெளியில் இருந்துவிட்டுச் சனம் திரும்பி வந்தபோது கடலில் ஒரு தடிகூட நிற்கவில்லையாம். ஏழு பேர் ஒரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு நாள் மிதித்து மிதித்துப் பழைய பாதையைக் கண்டுபிடித்தார்கள். அந்த ஏழு பேரில் ஒரேயொரு பெண் சிசிலியாக்கா. பத்தாந் தடி அவர் நட்டது. அந்தப் பெருமை அவருக்கு நிறைய உண்டு. அன்றிலிருந்து சிலுவைப்பாதையில் முன்னால் குருசு சுமந்து போகிறவரும் அவர்தான்.

போன வருஷம் அட்டைப் பண்ணை வந்தது. கடலட்டை வளர்க்க ஒரு கொம்பனி திட்டிக்குக் கிழக்கே கடலை வலையால் வேலி கட்டி அடைத்தது. ஊரில் பாதிப்பேர் ஏசினார்கள். மற்றப் பாதி வேலைக்கு விண்ணப்பம் எழுத என்னிடம் வந்தது. எமிலும் வந்தான். இழுவைப்படகுகள் அவனுடைய வலையை மூன்று தரம் அறுத்துக்கொண்டு போயிருந்தன. வேலை கிடைத்தது, காவற்காரன். மாதச் சம்பளம் என்ற சொல்லை நிரோஜினி முதல் ஒரு கிழமைக்கு வேதவாக்கியம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அதற்கு ஆசைப்பட்டதில் பிழை இல்லை. நானும் மாதச் சம்பளக்காரன்தான்.

தவக்காலம் தொடங்குவதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை எமில் என்னைத் தன் வள்ளத்தில் பண்ணை பார்க்கக் கூட்டிக்கொண்டு போனான். கடலுக்குள் நாலு கால் நட்டு ஒரு காவற்கொட்டில். ஏணியில் நடுங்கி நடுங்கி ஏறினேன். மேலே ஒரு பாய், ஒரு அடுப்பு, தண்ணீர்ப் பீப்பா. பீப்பாவுக்குக் கீழே முண்டு கொடுத்திருந்த மூன்று மரங்களில் ஒன்றின் தலைப்பில் பெருக்கல் குறி மாதிரி ஒரு வெட்டு. பழைய வெட்டு, ஓரமெல்லாம் உப்புப் பூத்திருந்தது. குனிந்து அதை விரலால் தடவிப் பார்த்தேன்.

“எமில், உது பத்தாந் தடியெல்லோ?”

அவன் தேத்தண்ணிக் கேத்திலை அடுப்பில் வைத்தான்.

“பத்து, பதினொண்டு, பன்ரண்டு. மூண்டும் வேலிக்குள்ளை வந்திட்டுது மாஸ்ரர். அவங்கடை வரைபடத்திலை பாதை எண்டு ஒண்டும் இல்லையாம். பிடுங்கச் சொன்னாங்கள். நான் மாட்டன் எண்டு நிண்டிருந்தால் வேறை ஆரும் பிடுங்கியிருப்பினம், என்ரை வேலையும் போயிருக்கும்.”

“அப்ப வெள்ளிக்கிழமை சனம் என்னெண்டு போறது?”

“வேலிக்கு வெளியாலை புதுசா மூண்டு நட்டிட்டன். கொஞ்சம் வளைஞ்சு போகோணும், அவ்வளவுதான். எண்ணிப் பாத்தாலும் பதினாலு நிக்கும்.”

“நடந்தோ நட்டனீர்?”

அவன் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்குக் கடல் பெருக்கு, தண்ணீர் ஏறியிருந்தது என்றான். வள்ளத்தில் நின்றுதான் இறக்கினேன், கோல் போட்டுப் பார்த்தேன், இடுப்பளவுதான் என்றான். கடலில் பிறந்தவனுக்கு நீங்கள் பாடம் சொல்ல வேண்டாம் என்பது போல ஒரு சிரிப்பும் சிரித்தான். பிறகு அந்தச் சிரிப்புப் போய்விட்டது.

“அக்காவுக்குச் சொல்லிப்போடாதையுங்கோ. பத்தாந் தடி அவ நட்டது. தெரிஞ்சால் என்ரை கையாலை தண்ணி வேண்டிக் குடிக்கமாட்டா.”

சொல்லமாட்டேன் என்றேன். அந்த வீட்டில் சாப்பிடுகிறவன், அக்கா தம்பிக்கிடையில் கோள் மூட்டுவானேன் என்று நினைத்தேன். அதுதான் நியாயம் என்று அப்போது பட்டது. இன்றைக்கு அந்த நியாயத்தைக் காறித் துப்பலாம் போலிருக்கிறது.

புதன்கிழமை விபூதிப் புதன். நெற்றியில் சாம்பலோடு சிசிலியாக்கா கந்தோர் வாசலில் வந்து நின்றார்.

“இண்டைக்கு எங்களையும் உங்கடை ஆக்கள் எண்டு சொல்லலாம், என்ன தம்பி?” என்று சிரித்தார்.

வருகிற வெள்ளி என்னையும் சிலுவைப்பாதைக்கு வரச்சொன்னார். எனக்குத் தண்ணீர் பயம் என்றேன். தன் முந்தானையைப் பிடித்துக்கொண்டு வந்தால் போதுமாம், தடி இருக்கும்வரைக்கும் பயம் இல்லையாம். நான் குனிந்து ஒரு கடிதத்துக்கு இரண்டாந்தரம் முத்திரை குத்தினேன்.

வியாழக்கிழமை பின்னேரம் நாலு மணிக்கு வெயில் தணிந்திருந்தது. முற்றத்தில் இருந்து குரக்கன் புட்டும் ஒட்டி மீன் சொதியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். காற்று அடியோடு விழுந்திருந்தது. கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி அசையாமல் கிடந்தது. இப்படிக் காற்று விழுந்தால் விடியப் புகார் கட்டும் என்று நிரோஜினி சொன்னாள். சிசிலியாக்கா அன்று பறி வெறுமையாக வந்திருந்தார், மூன்று நாளாக அப்படித்தான். அவர் புட்டைப் பிசைந்துகொண்டே இருந்தார், வாயில் வைக்கவில்லை.

“நண்டு இடம் மாறிப் போச்சு, எமில். ஒன்பதாந் தடியடியிலை நிண்டன். தெக்கை இருந்து வாற தண்ணி குளிருது.”

“மாசித் தண்ணி குளிராமல் என்ன செய்யும், மச்சாள்?” என்றாள் நிரோஜினி.

“மாசித் தண்ணி எனக்குத் தெரியாதே? இது மேலாலை வாற குளிர் இல்லை. காலைப் பிடிக்கிற குளிர். அந்தப் பக்கத்திலை எங்கையோ ஆழம் கிடக்கு. அந்தப் பக்கத்திலை ஆழம் இல்லையே எண்டுதான் யோசிக்கிறன்.”

எமிலின் கை கோப்பையில் நின்றுவிட்டது. நான் அவனைப் பார்த்தேன், அவன் என்னைப் பார்க்கவில்லை. கையைக் கழுவிவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு வீட்டு வேலியடிக்குப் போனான். திரும்பி வரவில்லை. நான் சாப்பிட்டு முடித்துக் கந்தோர்ப் படிக்கு வந்தபோது அங்கே குந்தியிருந்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

பண்ணை மேற்பார்வை பார்க்கிற சிவரூபனோடு கதைத்திருக்கிறான். வலையின் அடியை அமத்துவதற்கு மண்மூட்டை தேவைப்பட்டதாம். அக்காவைக் கண் வைத்தியரிடம் காட்ட எமில் யாழ்ப்பாணம் போயிருந்த இரண்டு நாளில் பம்பு கொண்டுவந்து வேலிக்கு வெளியே மண் உறிஞ்சி எடுத்திருக்கிறார்கள். பம்பு வைத்த வள்ளத்தைக் கட்டுவதற்கு நல்ல வசதியாக ஒரு தடி நின்றதாம். எமில் நட்ட பத்தாந் தடி. அதில் கட்டிக்கொண்டு அதன் காலடியிலேயே கிடங்கு தோண்டியிருக்கிறார்கள். எவ்வளவு ஆழம் என்று எமில் கேட்டதற்கு, இரண்டாள் இருக்கும், அடியில் சேறுதான் என்று சிவரூபன் சாதாரணமாகச் சொன்னானாம். அவனுக்கு அந்தத் தடி எதற்கென்று தெரியாது.

“இப்பவே அக்காவிட்டைச் சொல்லுவம்,” என்றேன்.

“வேண்டாம் மாஸ்ரர். விடிய அஞ்சரைக்கு வள்ளத்தை எடுப்பம். அந்தத் தடியைப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டால் சரி. சனம் ஆறரைக்குத்தான் கடலிலை இறங்கும். ஒரு மணித்தியாலம் கிடக்கு. நீங்களும் வாங்கோ, தடியைப் பிடிக்க ஒரு ஆள் வேணும்.”

“சொன்னால் என்ன எமில்? ஏசுவா. அவ்வளவுதானே?”

“ஏசினால் பரவாயில்லை. ஏசமாட்டா. பேசாமல் இருப்பா. அதை நான் தாங்கமாட்டன்.”

அவனுக்கு முப்பத்தெட்டு வயது. அந்த நேரத்தில் ஏழு வயதுக்காரன் மாதிரித்தான் இருந்தான். எனக்கு அவன்மீது இரக்கம் வந்தது, நான் ஓம் என்றேன். பத்துப் பதினைந்து அடி தள்ளிச் சிசிலியாக்கா குருசைத் தேங்காயெண்ணெய் போட்டுத் துடைத்துக்கொண்டிருந்தார். பனங்குருசு, பாரமானது. அதைத் தோளோடு சேர்த்துக் கட்டுகிற கயிறும் மடியில் கிடந்தது. நாலு எட்டு வைத்திருந்தால் போதும். நான் வைக்கவில்லை.

விடிய நிரோஜினி சொன்னபடி புகார் கட்டியிருந்தது. நான் பிறந்ததற்கு அப்படி ஒரு புகாரைக் கண்டதில்லை. வள்ளத்தின் முன்னணியத்தில் இருந்த எனக்குப் பின்னால் நின்ற எமில் தெரியவில்லை, கோல் தண்ணீரில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது. சாதாளை சிக்கும் என்பதால் எஞ்சினைத் தூக்கிவிட்டுக் கோலை ஊன்றித் தள்ளினான். முதலாந் தடியிலிருந்து தடி பிடித்துப் போகலாம் என்று நான் சொன்னேன். மூப்பர் கரையில் நிற்பார், கண்டுவிடுவார் என்று சுற்றி வடக்காலே எடுத்தான். மறைக்க வேண்டும் என்று அந்த நேரத்திலும் நினைத்தான். வேலி கிடைத்தால் அதைப் பிடித்துக்கொண்டு தெற்கு மூலைக்குப் போய்விடலாம் என்பது கணக்கு.

வேலி கிடைக்கவில்லை. கால் மணித்தியாலம் கோல் போட்டான், அரை மணித்தியாலம் போட்டான். ஓரிடத்தில் இரண்டு பனையின் அடி தெரிந்தது. திட்டிக்கே வந்துவிட்டோம். எமில் கெட்ட வார்த்தை ஒன்று சொல்லி வள்ளத்தைத் திருப்பினான். அவனுக்கு மூச்சு வாங்கியது. கடலில் பிறந்தவன் தன் வீட்டு முற்றம் மாதிரியான இடத்தில் வழி தவறி நின்றான்.

அப்போதுதான் சத்தம் கேட்டது. புகாருக்குள் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பிடிபடாது, ஆனால் தெளிவாகக் கேட்கும். இருநூறு பேர் தண்ணீருக்குள் நடக்கிற சத்தம். பிறகு பாட்டு. பாட்டு நின்றதும் சிசிலியாக்காவின் தனிக் குரல்.

“நாலாம் ஸ்தலம்.”

என் கைக்கடிகாரத்தில் ஆறரைகூட ஆகவில்லை. பூசை வைக்கிற சுவாமியாருக்கு வேறு கோயிலிலும் பூசை இருந்ததால் நேரத்தோடு இறங்கிவிட்டார்கள் என்று பிறகு அறிந்தேன். எமில் கோலைப் போட்டுவிட்டுப் போனை எடுத்து நிரோஜினிக்கு அடித்தான். அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. சிலுவைப்பாதைக்கு இறங்குமுன் செருப்பையும் போனையும் கரையில் கடகத்துக்குள் போட்டுவிட்டுப் போவார்கள், அதுதான் வழக்கம். கரையில் கடகத்துக்குள் கிடந்து அது அடித்திருக்கும்.

ஐந்து. ஆறு. எங்களுக்கு வேலி அகப்பட்டது. ஆனால் அது வடக்கு மூலை. தெற்கு மூலைக்கு வலை முழுவதையும் சுற்றிப் போக வேண்டும். எமில் கத்தினான்.

“அக்கா! பத்தாந் தடிக்குப் போகாதையுங்கோ!”

நானும் கத்தினேன். அந்த நேரம் இருநூறு பேரும் மறுமொழி சொன்னார்கள். எங்கள் சத்தம் அதற்குள் போய்விட்டது. ஏழு என்றார் சிசிலியாக்கா. எட்டு என்றார். ஒவ்வொரு ஸ்தலத்துக்கும் செபம், பிறகு பாட்டு, பிறகு நடை. அந்த ஒழுங்கு பிசகவில்லை. எமில் வள்ளத்தை விட்டுக் குதித்தான். இடுப்பளவு தண்ணீரில் ஓட முடியாது, அவன் ஓடினான். வலையில் மோதி அதைக் கையால் கிழித்து அமத்தி ஏறி விழுந்து புகாருக்குள் மறைந்துபோனான். நான் வள்ளத்துக்குள் தனியே இருந்தேன். இறங்கப் பயம். என் தெய்வங்களையும் கூப்பிட்டேன், அவர்களுடைய தெய்வங்களையும் கூப்பிட்டேன்.

“ஒன்பதாம் ஸ்தலம்.”

செபம் முடிந்தது. பாட்டு எழும்பியது. தாய் மகனைப் பார்த்து அழுகிற பாட்டு, இழுத்து இழுத்துப் பாடுவார்கள். அந்தப் பாட்டு நடுவில் அறுந்தது. எல்லோரும் ஒன்றாக நிறுத்தவில்லை. முன்னால் நின்றவர்கள் முதலில் நிறுத்தினார்கள், நடுவில் நின்றவர்கள் பிறகு, கடைசியில் வந்தவர்கள் ஒன்றும் தெரியாமல் இன்னும் ஒரு அடி பாடினார்கள். பிறகு ஒரு சத்தமும் இல்லை. அதற்குப் பிறகுதான் பெண்கள் குழறினார்கள்.

மூன்று பேர் கிடங்குக்குள் போனார்கள். பின்னால் வந்த இருவரையும் சீலையில் பிடித்து இழுத்து எடுத்துவிட்டார்கள். சிசிலியாக்காவைத் தோளோடு கட்டியிருந்த குருசு கவிழ்த்துவிட்டது, அடியில் சேறு பிடித்துவிட்டது. எமில் வந்து சேர்ந்து நாலு தரம் மூழ்கினான். ஐந்தாந் தரம் உடலைக் கொண்டுவந்தான். புகார் விலகி வெயில் அடித்து, ஆட்கள் என் வள்ளத்தைக் கரைக்கு இழுத்துக்கொண்டு வந்தபோது அந்தத் தடி நல்ல நேராக, புதிதாக, யாரும் குறை சொல்ல முடியாதபடி நின்றது.

நிரோஜினி அக்காவுக்குப் பின்னால் மூன்றாவது ஆளாக நடந்தவள். கரையில் உட்கார்ந்து அவள் அதைச் சொன்னாள், யாரையும் பார்க்காமல் மண்ணைப் பார்த்துச் சொன்னாள். ஒன்பதாந் தடி கழிந்து, அடுத்தது புகாருக்குள் மங்கலாகத் தெரிந்த இடத்தில் மச்சாள் நின்றுவிட்டாவாம். வலக்காலை மற்றப் பக்கமாக, வேலிப் பக்கமாக வைத்தாவாம். பழைய பாதை அங்கேதான்.

“இந்தப் பக்கமெல்லோ எண்டவ. நான்தான் தடி அங்கை தெரியுது மச்சாள் எண்டன். ஒருக்கா யோசிச்சவ. பிறகு, தடி நிக்கேக்கை நான் ஆர் எண்டு சொல்லிப்போட்டுத் திரும்பினவ.”

எமில் அப்போது எழும்பினான். சாரத்தில் தண்ணீர் வடிய ஊரின் நடுவில் வந்து நின்று, அந்தத் தடியைத் தான்தான் வள்ளத்தில் நின்று நட்டதாகச் சொன்னான். பழைய தடியைப் பிடுங்கியதையும் சொன்னான். அவனை அடிப்பார்கள் என்று நான் நினைத்தேன், அவனும் நினைத்திருப்பான். ஒருவரும் அடிக்கவில்லை. நிரோஜினி எழும்பி அவனைக் கடந்து நடந்து வீட்டுக்குப் போனாள். சனமும் ஒவ்வொருவராகப் போனது. ஒருவரும் ஒரு சொல் சொல்லவில்லை.

என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. மூப்பர் யாகப்பரிடம் போய், ஞாயிற்றுக்கிழமையே எனக்கும் தெரியும் என்றேன்.

“அப்ப நீங்களும் நடவுங்கோ, மாஸ்ரர்,” என்றார்.

பிறகு அரசாங்கக் கந்தோர்க்காரர் வந்தார்கள், அளந்தார்கள், படம் பிடித்தார்கள். கிடங்குக்கும் தங்களுக்கும் தொடர்பில்லை என்று கொம்பனியிலிருந்து பதிவுத் தபாலில் ஒரு கடிதம் வந்தது. அதற்கு முத்திரை குத்தி மூப்பரிடம் கொடுத்தவனும் நான்தான். ஆனால் வேலியைப் பழைய பாதையில் முட்டாமல் உள்ளே ஒதுக்கிவிட்டார்கள். எமில் வேலையை விட்டான். நிரோஜினி அவனுக்குச் சோறு போட்டாள், கதைக்கவில்லை. எனக்கும் போட்டாள். அந்த முற்றத்தில் மூன்று பேரும் மூன்று பக்கம் பார்த்துச் சாப்பிட்டோம். நண்டு அந்த வீட்டில் பிறகு காய்ச்சப்படவில்லை.

முப்பத்தோராம் நாள் விடிய எமில் தடியைத் தோளில் தூக்கினான். இலக்கம் இல்லாத தடி. எமில் நட்ட மூன்றையும் பிடுங்கிவிட்டு, பழைய மூன்று தடிகளையும் மூப்பரும் ஆட்களும் ஏற்கெனவே நடந்துபோய்ப் பழைய குழிகளிலேயே நட்டிருந்தார்கள். கரையில் ஊர் நின்றது, நிரோஜினியும் நின்றாள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவனுக்குப் பின்னால் இறங்கினேன். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, தொடைக்கு வந்தது. பிடிக்க முந்தானை இல்லை. ஒவ்வொரு தடியையும் இடக்கையால் தொட்டுக்கொண்டு போனேன். ஒன்பதாந் தடி கழிந்ததும் எமில் பாதையை விட்டு இடப்பக்கம் திரும்பினான். அதற்குப் பிறகு அவன் ஒரு காலை வைத்து, மிதித்து, பாரம் கொடுத்து, பிறகுதான் மற்றக் காலை எடுத்தான். அந்தக் கொஞ்சத் தூரத்துக்கு அரை மணித்தியாலம் எடுத்தது. இந்த மாதிரி அவன் முன்னமே நடந்திருக்க வேண்டும்.

கிடங்கின் விளிம்புக்கு இரண்டு எட்டு முன்னால் நின்றான். தடியை இறக்கினான். நான் பிடித்துக்கொண்டேன், அவன் மரச்சுத்தியலால் இறுக்கினான். அடித்து முடிந்த பிறகும் தடியை விடவில்லை, நெற்றியை அதில் வைத்துக்கொண்டு நின்றான். அப்படியே கேட்டான்.

“மாஸ்ரர், உங்கடை காலுக்குக் குளிருதோ?”

மேல் தண்ணீர் வெயிலில் வெதுவெதுப்பாக இருந்தது. கீழே கணுக்காலைச் சுற்றி என்னவோ வந்து பிடித்தது. வெங்காயத் தோட்டத்துக்காரனான எனக்கே அது தெரிந்தது.

“ஓம் எமில். குளிருது.”

“எனக்கும் தெரியுது,” என்றான் அவன். “அண்டைக்கு இறங்கியிருந்தால் தெரிஞ்சிருக்கும் எண்டுதான் இவ்வளவு நாளும் நினைச்சன். அண்டைக்கு இதிலை கிடங்கு இல்லை மாஸ்ரர். இறங்கி நடந்திருந்தாலும் குளிர்ந்திராது. ஆனால் நடந்து நட்டிருந்தால் நான் அக்காவோடைதான் வந்து நட்டிருப்பன். அவவிட்டைச் சொல்லியிருப்பன்.”

அந்த வியாழக்கிழமை எனக்கும் நாலு எட்டுத்தான் தேவைப்பட்டது.

பெரிய வெள்ளியன்று ஊர் மறுபடி கடலில் இறங்கியது. குருசை மூப்பர் சுமந்தார். நானும் போனேன். ஒன்பதாந் தடியில் செபம் முடிந்ததும் எல்லோரும் இடப்பக்கம் தள்ளி நின்ற அந்தத் தடியைப் பார்த்து நின்றார்கள். பதினாலு ஸ்தலத்துக்குத்தான் செபம் உண்டு, அதற்கு இல்லை. நின்றுவிட்டுப் பத்தாந் தடிக்கு நடந்தோம்.